என் பக்கத்து பிரேக்

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த அன்னைக்கே நான் தெளிவா சொல்லிட்டேன், நான் அதுக்கு எதையும் சொல்லிக்குடுக்க மாட்டேன்னு. காலைல ஏழு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எனக்கு அதுதான் பொழப்பு. டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவ நான். கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து, உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தறவ. வீட்டுக்கு வந்தா இன்னொரு மாணவனா? ரெண்டு கால் இருக்கறவங்களையே என்னால சமாளிக்க முடியலை, இதுக்கு நாலு.

இவரு, அதாவது என் புருஷன், மூக்குக் கண்ணாடிக் கடைல கண் டெஸ்ட் பண்றவரு. லேசுல கோபம் வராது. "இது நல்லா தெரியுதா, இல்ல இது நல்லா தெரியுதா"ன்னு ஒரே ஆளை முப்பது தடவை கேக்கற பொறுமை. கடைக்கு வந்த ஒருத்தர் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருக்கு. அஞ்சு குட்டிக்கு ஆள் கிடைச்சிருச்சு, ஆறாவதுக்கு இவரு கிடைச்சாரு. ஃப்ரேம் வந்த அட்டைப்பெட்டியில வெச்சுத் தூக்கிட்டு வந்து, தப்புப் பண்ணின பையன் மாதிரி வாசல்ல நின்னாரு. எட்டிப் பார்த்தேன். தலை எது வால் எதுன்னு தெரியாம ஒரு பழுப்பு உருண்டை. ஆறாவது படிக்கிற எங்க பொண்ணு "மூட்டை"ன்னா. அதுவே பேராயிடுச்சு.

நாங்க குடியிருக்கறது கீழ் வீடு. ஓனர் மேல் வீட்டுல இருக்காரு. ரிடையர் ஆன பல் டாக்டர், தனி ஆளு. நாலு மாசம் முன்னாடி விழுந்து இடது இடுப்புல ஆபரேஷன் ஆகி, கைத்தடியோட நடக்கறாரு. மாடிப்படி இறங்கினா எங்க வாசலைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போகணும். குட்டி வந்த மறுநாளே வந்துட்டாரு. கத்தலை. இந்த நாய் ஓடி வந்து மேல ஏறினா நான் விழுவேன், இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டேன்னு சொன்னாரு.

"ஒரு மாசம் தரேன்மா. வீட்ல யார் இருக்காங்களோ அவங்க நிறுத்தினா அது நிக்கணும். நின்னா இருக்கட்டும். இல்லைன்னா நல்ல இடமாப் பார்த்துக் குடுத்துடுங்க."

இதுல என்ன தப்பு சொல்ல முடியும்? பொண்ணு காலண்டர்ல முப்பதாவது நாளைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டா. அது ஒரு ஞாயித்துக்கிழமை.

அப்பாவும் பொண்ணும் களத்துல இறங்கினாங்க. இவருக்கு யாரைப் பார்த்தாலும் கடைக்கு வந்தவங்க ஞாபகம்தான் போல. குட்டி முன்னாடி குனிஞ்சு "உட்காருங்க, நேரா பாருங்க"ன்னாரு. தாடையை இதுல வைங்கன்னு சொல்லாத குறை. பொண்ணு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு அட்டவணை ஒட்டி, "சிட்! சிட்!"னு அதிகாரம் பண்ணினா. மூட்டை ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்க்கும், மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டும். உடனே ரெண்டு பேரும் உருகிப் போய் பிஸ்கட் குடுப்பாங்க. மல்லாந்தா பிஸ்கட்னு அது நல்லாவே கத்துக்கிச்சு.

பின்கதவுப் பக்கம் பேப்பர் விரிச்சா, பேப்பருக்குச் சரியா ஒரு சாண் தள்ளிப் போகும். கதவு நிலையைக் கடிச்சு வெச்சுது. இவரு கடைலேர்ந்து கொண்டு வந்த மாதிரிக் கண்ணாடி ரெண்டு காலி. ஷூ ரேக்குல மூணு பேரோட செருப்பும் ஷூவும் இருக்கும்போது, என் வலது கால் ஷூவை மட்டும் தேடி எடுத்துட்டுப் போய்க் கட்டிப் பிடிச்சுத் தூங்கும். ஏன் வலதுன்னு யாருக்கும் புரியலை. பல் டாக்டர் கதவு நிலையை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "பால் பல். வரிசை அருமையா இருக்கு"ன்னு சர்டிஃபிகேட் குடுத்தாரு. திட்டுவாருன்னு பார்த்தா சந்தோஷமாப் போறாரு.

நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு, சாப்பாடு வைக்கறது. முதல்ல எழுந்திருக்கறவ நான், அதனால காலைக் கிண்ணம் என் தலைல விழுந்துச்சு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா எனக்கும் பசி, அதுக்கும் பசி. கிண்ணத்தைப் பார்த்ததும் சமையலறை அந்தக் கோடிலேர்ந்து பாய்ஞ்சு வரும், கிட்ட வந்ததும் டக்குன்னு உட்காரும். வெச்சுட்டு என் வேலையைப் பார்ப்பேன். இவரோ பொண்ணோ வெச்சா மட்டும் கிண்ணத்தோட அவங்களையும் சேர்த்துக் கவுத்துரும். என்கிட்ட பயம்னு நெனச்சுக்கிட்டேன். எல்லாருக்கும் என்கிட்ட பயம்தானே, இதுக்கு என்ன வந்துச்சு.

இப்ப என் காலைப் பத்தி சொல்லியாகணும். சொல்லிக்குடுக்கற கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டறவங்க லாரியைப் பார்த்து யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் வலது கால் அமுக்கியிருக்கும். பதினாலு வருஷமா அப்படி அமுக்கி அமுக்கி, கால் இப்ப என்னைக் கேக்கறதில்ல. எது வேகமா வந்தாலும் தானா அமுக்கும். டிவில கார் துரத்தினாலும் அமுக்கும். இவரு ஓட்டறப்ப பக்கத்துல உட்கார்ந்தா சொல்லவே வேண்டாம், எங்க கார்ல என் பக்கத்து தரை மிதியடில ஓட்டையே விழுந்துருச்சு. கோபமே வராத மனுஷனுக்கு அந்த ஒண்ணுக்கு மட்டும் சுள்ளுன்னு வரும்.

மூணாவது வாரம் மூட்டைக்கு ஊசி போடக் கிளம்பினோம். வழியில ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சு. இவரு நிதானமாத்தான் போனாரு, ஆனா என் கால் பொத்துன்னு மிதியடியை அமுக்கிருச்சு. வண்டியை ஓரமா நிறுத்தினாரு. முன்னாடி கண்ணாடியையே பார்த்துக்கிட்டு மெதுவாத்தான் பேசினாரு.

"இத்தனை வருஷமா ஓட்டறேன். எங்கயாவது இடிச்சிருக்கேனா? உன் காலுக்கு மட்டும் என் மேல நம்பிக்கையே வரலை."

கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். இவரு மெதுவா சொன்னதுதான் சுருக்குன்னு குத்திச்சு. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. இனிமே வேலை நேரம் தவிர என் கால் அசைஞ்சா என்னன்னு கேளுங்கன்னு சபதம் போட்டேன். போட்டா நான் செய்வேன். வண்டியில காலைச் சீட்டுக்கடில மடக்கி வெச்சுக்கிட்டேன். டிவி முன்னாடி சம்மணம். சமையலறையில நின்னா வலது காலை இடது காலுக்குப் பின்னாடி கொக்கி போட்டுக்கிட்டு கொக்கு மாதிரி நின்னேன்.

அந்த வாரம் பார்த்து மூட்டைக்கு என்ன கேடோ, என்கிட்டயும் உட்கார்றதை விட்டுருச்சு. பாய்ஞ்சு வரும், கிட்ட வந்து என் காலையே பார்க்கும், அப்புறம் மேல தாவும். கிண்ணம் ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம். அடங்கி இருந்த ஒரே இடமும் போச்சு. பொண்ணு மூஞ்சி தொங்கிப் போச்சு. சிவப்பு வட்டத்துக்கு இன்னும் ஆறு நாள்.

இவரு கடைல கூட வேலை பாக்கறவரு வீட்ல தோட்டம் இருக்காம், கேட்டா எடுத்துக்குவாங்களாம். நல்ல இடம்தானே, குடுத்துடலாம்னு நான்தான் முதல்ல சொன்னேன். சொல்லிட்டு மறுநாள் வண்டியில உட்கார்ந்திருக்கேன், சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு, கண்ணுல தண்ணி கரகரன்னு வருது. என்கிட்ட கத்துக்க வந்து ஓட்டிக்கிட்டிருந்த மருந்துக்கடை அம்மா பதறிப் போய், அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்னு கேட்டாங்க. இல்லம்மா, இன்னைக்கு நல்லாத்தான் ஓட்டறீங்கன்னேன். எனக்கு அந்த நாய் வேணும். ஷூவைக் கடிச்சாலும் சரி, தரையை நாசம் பண்ணினாலும் சரி, வேணும். இதை வீட்ல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது?

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு தடி சத்தம் கேட்டுச்சு. ஏற்பாடு இதுதான்: டாக்டர் வாசப்படில நிப்பாரு, மூட்டையைக் கூடத்தோட அந்தக் கோடிலேர்ந்து விடணும், அவர்கிட்ட போறதுக்குள்ள அது நிக்கணும். நடுவுல இவரு, ஒரு பக்கம் பொண்ணு. தப்பித் தவறி விழுந்துடக் கூடாதுன்னு டாக்டருக்குப் பின்னாடி நாற்காலி போட்டு வெச்சேன். சொல்லிக்குடுக்க மாட்டேன்னு சொன்னவளாச்சே, சோபால சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

விட்டாங்க. பொண்ணு "சிட்"டுன்னா, அது அவளைத் தாண்டிப் போச்சு. இவரு "உட்காருங்க"ன்னாரு, இவரு கால் இடுக்குல நுழைஞ்சு போச்சு. டாக்டர் தடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. முகம் வெளுத்துப் போச்சு. எனக்கு அந்த இடுப்புதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. சபதமாவது மண்ணாவது, சம்மணத்தைப் பிரிச்சுக்கிட்டு என் வலது கால் தரையில அமுந்துச்சு.

மூட்டை அப்படியே உட்கார்ந்துச்சு. டாக்டர் செருப்புக்கு ஒரு அடி முன்னாடி. உட்கார்ந்து, தலையைத் திருப்பி, கிண்ணம் எங்கன்னு என்னைப் பார்த்துச்சு.

எல்லாரும் மூட்டையைப் பார்த்தோம். இவரு மட்டும் என் காலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கண் டெஸ்ட் பண்றவராச்சே. குட்டியைத் தூக்கிட்டுப் போய்ப் பழைய இடத்துல விட்டாரு. இடது காலை அமுக்குன்னாரு. அமுக்கினேன், அது ஓடி வந்துக்கிட்டே இருந்துச்சு. திரும்பத் தூக்கிட்டுப் போனாரு. வாயால சொல்லுன்னாரு. சொன்னேன், சட்டையே பண்ணலை. இப்ப வலதுன்னாரு. அமுக்கினேன், உட்கார்ந்துச்சு. மறுபடியும் இடது, மறுபடியும் வலது. லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கற மாதிரி ஏழெட்டு தடவை பார்த்துட்டுத்தான் விட்டாரு. அப்பதான் எங்க எல்லாருக்கும் விஷயம் உறைச்சுது. காலைலயும் சாயங்காலமும் கிண்ணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, பாய்ஞ்சு வர்ற குட்டியைப் பார்த்து நான் பிரேக் அமுக்கியிருக்கேன். அது நின்னிருக்கு. நின்னதும் சாப்பாடு வந்திருக்கு. வீட்லயே ஒழுங்கா பாடம் எடுத்தது பாடமே எடுக்க மாட்டேன்னவதான்.

டாக்டர் சந்தோஷப்பட்டாரு, ஆனா விடலை. "நீங்க காலைல போனா சாயங்காலம்தானே வரீங்க? அதுவரைக்கும்?"

நியாயம்தானே. பொண்ணு உடனே காலைத் தூக்கித் தொப்புன்னு போட்டா. விளையாடக் கூப்பிடறான்னு நெனச்சு மூட்டை அவ மேலயே ஏறிடுச்சு. வேற வழி? எழுந்து போனேன்.

"இங்க பாரு. காலைத் தூக்காதே, குதிகால் தரையிலயே இருக்கட்டும். முன்பாதத்தால அமுக்கு. பயந்து அமுக்காதே, நிக்கும்னு நெனச்சு அமுக்கு."

பதினாலு வருஷமா வர்றவங்க எல்லாருக்கும் சொல்ற அதே பாட்டுதான். மூணாவது தடவை அவளுக்கு நின்னுச்சு. இவருக்கு நாலு ஆச்சு, ஒவ்வொரு தடவையும் உட்காருங்கன்னு சேர்த்துச் சொன்னாரு. கடைசில டாக்டர் தொண்டையைச் செருமிக்கிட்டு, தனக்கு வலது கால் நல்லாத்தான் இருக்குன்னாரு. நாற்காலில உட்கார வெச்சேன். மெதுவா அமுக்கினாரு. மூட்டை அவரு முன்னாடி உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்துச்சு. மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாரு. இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு அரை மணி நேரம் எங்க வீட்டை விட்டு நகரலை. கிளம்பறப்ப சிவப்பு வட்டத்துக்குள்ள அவரே ஒரு டிக் போட்டாரு. பொண்ணு மூட்டையைக் கட்டிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், இதுல மறைக்க என்ன இருக்கு.

சாயங்காலம் நாலு பேரும் கார்ல கிளம்பினோம், மூட்டைக்குக் கழுத்துப் பட்டை வாங்க. இவரு ஓட்டினாரு. நான் காலைச் சீட்டுக்கடில மடக்கி வெச்சுக்கிட்டேன். சபதம் இன்னும் பாக்கி இருக்கே. பின்சீட்டுல மூட்டை நிலை கொள்ளாம ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக்கிட்டிருந்துச்சு, பொண்ணால பிடிக்க முடியலை. இவரு கண்ணாடில அதைப் பார்த்தாரு. அப்புறம் என் மடக்கின காலைப் பார்த்தாரு.

"காலை எடுத்து வெளிய வை. அமுக்கு. பின்னாடி ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

இவரு முகத்துல கோபம் இருக்கான்னு பார்த்தேன், துளி கூட இல்ல. காலை எடுத்து ஓட்டை மிதியடி மேல வெச்சு அமுக்கினேன். பின்னாடி மூட்டை சத்தமில்லாம உட்கார்ந்துச்சு. அதே நேரத்துல, முன்னாடி ரோடு காலியா இருந்தும், இவரு பிரேக்கை அமுக்கினாரு, வண்டியும் நின்னுச்சு.