படத்தில் அழுபவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு திருத்தத்திலிருந்து கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்கும் காணி விற்பனை விளம்பரத்துக்கும் நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். மேலே 'வருந்துகிறோம்' என்று இருந்தது. தீவகத்தில் போதைப்பொருள் பாவனை அதிகரித்துள்ளதாக அண்மையில் வெளியான செய்தியுடன் பிரசுரமான படத்தில் அழுபவரின் மகன் போதைப்பொருளுக்கு அடிமையானவர் அல்லர் என்று கீழே இருந்தது. தாயின் பெயர், மகனின் பெயர், ஊர் எல்லாம் போட்டிருந்தார்கள். யாரும் ஆள்மாறி விளங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

அந்தச் செய்தியை நான் படித்திருக்கவில்லை. படத்தையும் கண்டதில்லை. திருத்தத்தைப் படிக்கும்வரை அப்படியொரு தாயும் மகனும் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. படித்து முடித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? 'சும்மாவா போட்டிருப்பார்கள், ஏதோ இருக்கத்தான் வேண்டும்.'

அந்த எண்ணம் வந்ததற்கு வெட்கப்பட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். திருத்தம் மட்டும்தான் கையில் இருந்தது. இனி வருகிற ஆட்களெல்லாம் நான் உண்டாக்கியவர்கள்.

(ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தீவகம் என்கிற யாழ்ப்பாணத்துத் தீவுகளில், ஊர்காவற்துறைப் பக்கம், கடலோரம், கத்தோலிக்கச் சனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே கூடிப்போயிற்றோ என்று இப்போது யோசிக்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஊர்காவற்துறைக் கடல் அன்று அழுதுகொண்டிருந்தது.' அடித்துவிட்டேன். கடல் அழுவதில்லை. அதை அழவைப்பது என்னைப் போன்றவர்களும் ஞாயிறு மலர்க்காரரும்தான்.

இரண்டாவது: 'கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த அந்த ஏழைத் தாய், ஓலைக் குடிசையின் வாசலில்'

இதையும் பாதியில் விட்டேன். அந்தத் தாய்க்கு நான் வைத்த பெயர் மேரிஜோசப்பின். அவருடைய கணவர் கடலில் சாகவில்லை, சலரோகத்தில் செத்தார். அவர்களுக்கு ஓலைக் குடிசையும் இல்லை. ஓடு போட்ட கல்வீடு, வாடகைக்கு விட்ட ஒரு படகு, மகன் டிலோன் ஓட்டுகிற ஓட்டோ. மீன்பிடிக்கிற குடும்பம் என்றதும் என் பேனா தன்பாட்டில் குடிசை கட்டத் தொடங்கிவிட்டது. நானே உண்டாக்கிய ஆளைப் பற்றி நானே பொய்ச்செய்தி எழுதப் பார்த்தேன் என்றால், பத்திரிகைக்காரரை நான் என்ன வாயால் திட்டுவது?

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன், அதில் யாருமே நல்ல பேர் வாங்கவில்லை என்பதால்: 'முன்பக்கத்தில் தன் செய்தியைக் கண்டதும் அன்ரனிட்டாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்.'

3

அன்ரனிட்டா அந்தப் பகுதியின் நிருபர். பகலில் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், மிச்ச நேரத்தில் செய்தி அனுப்புகிறாள். பஸ் நேரத்துக்கு வருவதில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுக்கின்றன. எதுவானாலும் தலைப்பின் கடைசியில் 'பொதுமக்கள் விசனம்' என்று போட்டுவிட்டால் செய்தியாகிவிடும். அந்தப் பொதுமக்கள் பெரும்பாலும் ஒருவர்தான். யாரும் அகப்படாத நாட்களில் அன்ரனிட்டாவே பொதுமக்களாகிவிடுவாள். இதை அவள் பொய் என்று நினைத்ததில்லை. எல்லா நிருபரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் ஒரு தகப்பன், ஊரில் தூள் பாவிக்கிற பொடியள் கூடிப்போச்சு என்று சொல்லி மனம் நொந்தார். அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. அன்ரனிட்டா எழுதி அனுப்பினாள்: 'தீவகத்தில் போதைப்பொருள் பாவனை அதிகரிப்பு: பெற்றோர் விசனம்'.

படம் ஒன்றும் அவள் அனுப்பவில்லை. பத்திரிகைக் கந்தோரில் பழைய படங்களிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதுவும் அவள் எடுத்ததுதான், பெரிய வெள்ளியன்று.

அந்த ஊரில் பெரிய வெள்ளி மத்தியானம் கோயிலில் பெண்கள் வியாகுலம் பாடுவார்கள். இறந்த மகனை மாதா மடியில் வாங்கி அழுகிற பாட்டு. ஒருவர் முதலடி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடவேண்டும், எடுப்பவர் எப்போதும் மேரிஜோசப்பின். மடியில் வாங்குகிற இடம் வந்ததும் அவருடைய குரல் உடையும், கண்ணீர் கொட்டும், கோயிலே சேர்ந்து அழும். அது நடிப்பில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் கஞ்சி ஆறிப்போகும் என்று நடப்பார்.

படத்தில் பின்னால் இருந்த மாதா சுரூபத்தை வெட்டிவிட்டார்கள். மெழுகுதிரிகளையும் பக்கத்துப் பெண்களையும் வெட்டிவிட்டார்கள். ஒரு முகமும் கண்ணீரும் மட்டும் மிஞ்சின. கீழே 'கண்ணீர் வடிக்கும் தாய்' என்று போட்டிருந்தார்கள்.

செய்தி முன்பக்கத்தில், இத்தனை பெரிய படத்தோடு வந்ததைக் கண்டு அன்ரனிட்டா மகிழ்ந்தாள் என்றேன் அல்லவா? படத்தில் இருப்பது யார் என்று அவளுக்கு உறைக்க, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் எடுத்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

செய்தி ஆசிரியர் வைத்திலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, அது பெரிய வெள்ளிப் படமெல்லே?"

"ஓம், தெரியும். நாங்கள் பேரொண்டும் போடேல்லையே. தாய் எண்டுதான் போட்டது. அவ தாய்தானே?"

"தாய்தான்."

"அழுறாதானே?"

"ஓம் அண்ணை, ஆனா..."

"பிறகென்ன பிழை? உம்மடை செய்தி நல்லாப் போகுது. வெளிநாட்டிலை இருந்தெல்லாம் சனம் பகிருது."

அன்ரனிட்டா "சரி அண்ணை" என்றாள். நன்றியும் சொன்னாள் என்று நினைக்கிறேன். எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

4

டிலோனை எப்படி எழுதுவது என்பதில் நிறைய நேரம் மினக்கெட்டேன். அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறவன். அதுதான் அவனுடைய பிழைப்பு. படம் வந்த கிழமையே பாரிசிலிருந்து ஒரு பெரியம்மா அழைத்து, "ஏன் எங்களுக்கு மறைச்சனீங்கள்?" என்று அழுதார். பிறகு ஓட்டோவில் பிள்ளைகள் குறையத் தொடங்கினார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை. 'நாளையிலிருந்து இவர் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோவார்' என்று தாய்மார் சிரித்த முகத்தோடு சொன்னார்கள்.

முதற்பிரதியில் டிலோன் சிகரட்டைத் தொடாதவன், பூசை தவறாதவன். திரும்பப் படித்தபோது எனக்கே பிடிக்கவில்லை. இரண்டாம் பிரதியில் திருநாளன்று கூட்டாளிகளோடு பியர் குடிப்பான், பூசைக்குப் பிந்தி வந்து கதவடியில் நிற்பான், கோபம் வந்தால் தாயோடு இரண்டு நாள் கதைக்கமாட்டான். இப்போது அவன் ஆளாகத் தெரிகிறான். ஆனால் 'பியர்' என்ற இடத்தில் உங்களில் சிலர் 'ஆ, பாத்தீரோ' என்றிருப்பீர்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவன் தூள் பாவிப்பதில்லை. இதை நான் சொன்னதும் உங்கள் சந்தேகம் கூடினால் அது என் பிழை மட்டுமல்ல.)

5

ஒரு பின்னேரம் அன்ரனிட்டா அவர்கள் வீட்டுக்குப் போனாள். மேரிஜோசப்பின் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரு பிள்ளை."

அன்ரனிட்டா இருக்கவில்லை. "மாமி, அந்தப் படம்..."

"நான் ஆருக்காக அழுதனான் எண்டு உனக்குத் தெரியுந்தானே? நீ பக்கத்திலைதானே நிண்டனீ."

"தெரியும் மாமி."

"அப்ப அதைப் போடு. பேப்பராலை வந்தது பேப்பராலைதான் போகவேணும். என்ரை மோன் அப்பிடியானவன் இல்லையெண்டு போடு."

ஓட்டோ வீட்டு வாசலில் நின்றது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அது, வழமையாக அங்கே நிற்காது. டிலோன் உள்ளே, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

இந்த இடத்தில் அன்ரனிட்டா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். 'பேப்பர் வேண்டாம் மாமி, படம் எடுத்தது நான்தான் எண்டு நானே வீடுவீடாய்ப் போய்ச் சொல்லுறன்.' இந்த வாக்கியத்தை அவள் வாயில் வைத்து எழுதிப்பார்த்தேன். அவள் சொல்ல மறுத்துவிட்டாள். முன்பள்ளியில் அந்தப் பெற்றோரைத்தானே அவள் நாளாந்தம் பார்க்கவேண்டும். 'பேப்பர்காரர் போட்டுட்டினம்' என்று எல்லோரும் சொன்னார்கள், அந்தப் பேப்பர்காரரில் தானும் ஒருத்தி என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. மேரிஜோசப்பின் மட்டும் அதை அறிவார், அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"சரி மாமி, போடுறன்" என்றாள்.

வைத்திலிங்கம் மறுக்கவில்லை. வருத்தப்பட்டார்கூட. "வடிவாய் விளங்கட்டும்" என்று பெயர்களையும் ஊரையும் தானே சேர்த்தார். நான் முதலாம் பகுதியில் படித்தது அந்தத் திருத்தத்தைத்தான்.

படத்தில் இருப்பது யாரென்று தெரியாதவர்களும் இப்போது தெரிந்துகொண்டார்கள். ஓட்டோவில் கடைசியாக மிஞ்சியிருந்தது ஜெயந்தாவின் பிள்ளை. அதுவும் நின்றதும் அன்ரனிட்டா அவளை மறித்துக் கேட்டாள்.

"டிலோனிலை பிழையில்லை எண்டு பேப்பரே போட்டுட்டுதே, ஜெயந்தா."

"எனக்கு அவரிலை ஒரு சந்தேகமும் இல்லை அக்கா. ஆனா ஒண்டும் இல்லையெண்டா பேப்பரிலை ஏன் போடவேணும்? பெத்தவைக்குப் பயமாத்தானே இருக்கும்."

பெற்றோர் விசனம். எழுதியபோது ஒருவராக இருந்த பெற்றோர் இப்போது உண்மையிலேயே பலராகிவிட்டார்கள். அன்ரனிட்டா தலையாட்டிவிட்டு வந்தாள்.

6

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

ஒன்றில், வைத்திலிங்கம் மனம்மாறி முழுப்படத்தையும், சுரூபத்தோடும் மெழுகுதிரிகளோடும், முன்பக்கத்தில் போட்டு மன்னிப்புக் கேட்கிறார். நான் நெடுங்காலமாகப் பத்திரிகை வாசிக்கிறவன். என்னால் இதை நம்ப ஏலவில்லை.

இன்னொன்றில் டிலோன் பாரிசுக்குப் போகிறான். தீவுப் பக்கத்துக் கதைகளில் சிக்கல் அவிழாவிட்டால் யாரையாவது பிளேன் ஏற்றிவிடுவது எங்களுக்கு வழக்கம். அவன் ஏன் போகவேண்டும்? அவன் இப்போது சாட்டிக் கடற்கரைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றுகிறான். ஞாயிறும் விடுமுறையும் தவிர மற்ற நாட்களில் ஓட்டோ வீட்டில்தான் நிற்கிறது.

மூன்றாவதை எழுதியே முடித்தேன். கோயிலில் எல்லோருக்கும் முன்னால் அன்ரனிட்டா எழும்பி, 'அந்தப் படத்தை எடுத்தது நான்' என்று சொல்கிறாள். சனம் விம்முகிறது. எனக்கும் கண் கலங்கியது. அடுத்த நாள் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் காட்சியில் மேரிஜோசப்பினைக் காணவில்லை. நடுவில் நின்று அழுதது அன்ரனிட்டா. நானும் படத்தை வெட்டியிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

7

பெரிய வெள்ளிக்கு முந்திய தபசுகாலம் திரும்பவும் வந்தது. மேரிஜோசப்பின் பாட்டுப் பழக வரவில்லை. பெண்கள் அன்ரனிட்டாவை அனுப்பினார்கள்.

"வருவன் பிள்ளை. பாடுவன்" என்றார். பிறகு, "அழ ஏலாது எண்டு பங்குச் சுவாமியிட்டைச் சொல்லிவிடு."

"ஏன் மாமி?"

"நான் அழுதா என்ரை மோனைத்தானே எல்லாரும் பாப்பினம்."

அன்ரனிட்டாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காயப்போட்டிருந்த வலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய வெள்ளி மத்தியானம். கோயில் நிறையச் சனம். டிலோன் பிந்தி வந்து கதவடியில் நிற்கிறான். அன்ரனிட்டாவின் கைத்தொலைபேசிக்கு வைத்திலிங்கம் செய்தி அனுப்பியிருக்கிறார்: 'பெரிய வெள்ளிப் படம் ஒண்டு அனுப்பும். போன வருசத்தைப்போல நல்லதாய்.' அவள் அதை நிறுத்திக் கைப்பைக்குள் போடுகிறாள்.

மேரிஜோசப்பின் முதலடி எடுக்கிறார். குரல் சீராக இருக்கிறது. பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். பாட்டில் ஆணியைக் கழற்றியாயிற்று, முள்முடியை எடுத்தாயிற்று. மடியில் வாங்குகிற இடம் நெருங்க, முன்வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்புகிறது. பிறகு ஜெயந்தாவின் தலை. பிறகு ஆண்கள் பக்கத்தில். சுரூபத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மேரிஜோசப்பினைப் பார்க்கிறார்கள், சிலர் அவரைப் பார்த்துவிட்டுக் கதவடியைப் பார்க்கிறார்கள். இந்தச் சனத்துக்கு வெட்கமே இல்லையா என்று அன்ரனிட்டாவுக்குக் கோபம் வருகிறது. அப்போதுதான் தன் தலையும் அந்தப் பக்கமே திரும்பியிருப்பது அவளுக்குத் தெரிகிறது.

மேரிஜோசப்பின் அந்த அடியை எடுக்கிறார். அவருடைய முகத்தில்

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

அழுதார் என்று எழுதினால், மகனை நினைத்துத்தான் என்பீர்கள். அழவில்லை என்று எழுதினால், பாவம், மனம் விட்டுப்போயிற்று என்பீர்கள். இரண்டு படத்துக்கும் கீழே போட என்னிடம் வசனம் இருந்தது. நல்ல வசனங்கள். அவற்றையும் எடுத்துவிட்டேன்.

அன்ரனிட்டா தலையைத் திருப்பிச் சுரூபத்தைப் பார்க்கிறாள். ஒரு வருடம் பிந்தி, அவளால் இன்று முடிந்தது இவ்வளவுதான். இது போதாது என்று அவளுக்கும் தெரியும். மற்றத் தலைகள் திரும்பியபடியே இருக்கின்றன. அவற்றில் உங்களுடையதும் ஒன்று. இந்த வரிவரை நீங்கள் வந்ததே அவர் முகத்தைப் பார்க்கத்தான், நான் எழுதிக்கொண்டு வந்ததும் அதைக் காட்டத்தான். இனி என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. பாட்டு முடிய இன்னும் சில அடிகள் இருக்கின்றன. அதுவரை எங்கே பார்ப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.