பூட்டிய எண்

ஓட்டைவாய் என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் அக்காதான். ஏழு வயதில் வைத்த பெயர், நாற்பத்தாறிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மனதில் இருப்பது வாயில் வந்துவிடும். வாயை மூடினால் முகத்தில் வரும். இப்படிப்பட்டவனிடம் போய் ஒரு ரகசியத்தை ஒப்படைத்தார்களே, அந்த ஆய்வுக்குழுவை என்ன சொல்ல.

அக்காவின் பதினோரு வருட உழைப்பு ஒரே சமன்பாட்டில் இருந்தது. அண்டம் பிறந்த புதிதில் ஈர்ப்புவிசையும் குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்தால், விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாகச் சேரும் வேகம் நூற்றுக்கு மூன்று பங்கு குறையும் என்றாள். பலர் சிரித்தார்கள். அதை அளந்து பார்ப்பது தம்பி இருந்த குழுவின் வேலை.

விரும்பிய விடையின் பக்கமே ஆசை கையை இழுத்துவிடும் என்று அந்தக் குழுவுக்குப் பயம். அதனால் தரவுகளோடு ஒரு ரகசிய எண்ணைக் கலந்து, உண்மையான விடை யார் கண்ணிலும் படாமல் பூட்டிவிடுவார்கள். கணக்கிடும் முறை முழுதும் முடிவான பிறகு, எல்லோரும் கூடித் திறப்பார்கள். அதுவரை திறக்கும் கடவுச்சொல் தம்பியின் பொறுப்பில் இருந்தது. திறக்கும் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவுக்குப் பத்து நாள்தான் என்றார் மருத்துவர்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது தம்பி திறந்தான். திரையில் 3.1 என்று வந்தது, அக்கா சொன்ன மூன்றுக்குப் பக்கத்திலேயே. கணினியைக்கூட அணைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வேலை நேரத்தில் அவன் மூச்சிரைக்க வாசலில் நின்றதைப் பார்த்ததும் அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“திறந்துட்டியா?”

“உனக்காகத்தான்க்கா...”

“எண்ணைச் சொல்லாத.”

“தெரிஞ்சுக்காமலே நீ...”

“எனக்கு ஆசை இல்லையாடா? பதினோரு வருஷம். ஆனா சொந்தத் தம்பி திருட்டுத்தனமா பார்த்த விடையை யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன். குழுவுக்கு எழுதிட்டு விலகிக்கோ. வேற எண்ணைப் போட்டுப் பூட்டி, முதல்லேர்ந்து செய்யட்டும்.”

“ஒரு வருஷம் ஆகும்க்கா.”

“ஆகட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அங்கேயே நின்று கைபேசியில் எழுதி அனுப்பினான். ஆறு வருட வேலையில் இனி அவன் பெயர் இருக்காது. அந்த அவமானம்கூட அவனுக்கு உறைக்கவில்லை. தொண்டையில் நின்ற எண்தான் வலித்தது.

“அனுப்பிட்டியா? சரி. நாற்காலியைத் தலைமாட்டுக்குப் பின்னால போட்டுக்கோ. உன் மூஞ்சில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்.”

ஒன்பது நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்தே தலை வாரிவிட்டான், தண்ணீர் கொடுத்தான். அப்பாவின் குறட்டையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அவன் அழுதபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசி நாள் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஓட்டைவாய், இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

“பரவால்லடா. வாயை மூடக் கத்துக்கிட்ட.”

அவள் மூச்சு நின்ற பிறகுதான் நாற்காலியை முன்பக்கம் கொண்டுவந்தான். அக்காவின் எதிரே உட்கார்ந்து, தன் முகத்தை அவளுக்குக் காட்டினான்.