கண் திறந்த கணக்குக் கல்

செம்பன்குளத்துத் தண்ணீர் முறை பார்த்து நடக்கத் தொடங்கியது 1955 தை மாதத்தில். குளத்தை ஒட்டிய வைகுண்டராஜனின் வயலுக்குள் அது புகுந்தது, ஒரு பயிரைக்கூட நனைக்காமல் மறுபக்கம் வெளியேறியது, கடைமடையில் செல்லத்தாயின் வயலில் போய் நின்றது. அதே வாரம் தோவாளையில் பிச்சிப்பூ விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இதற்கெல்லாம் மூலம் வடசேரியில் ஜான்ரோஸ் வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடை. 1947இல் அவர் பழைய ரேடியோ வால்வுகளைக் கோத்து ஒரு கூட்டல் இயந்திரம் செய்தார். விடை சரியாகத்தான் வரும். ஆனால் சூடு என்றால் அப்படியொரு சூடு! ஒரு கூட்டல் முடிவதற்குள் பக்கத்துக் கடையில் தொங்கும் மட்டி வாழைக்குலை முழுவதும் பழுத்துவிடும். பழக்கடைக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார், பிறகு காய்க்குலைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெருக்கல் போடச் சொன்னார். அடுத்த வருஷம், வால்வுக்குப் பதிலாக ஒரு பொட்டுக் கல்லை வைத்து அமெரிக்காவில் ரேடியோவைப் பாட வைத்தார்கள் என்று செய்தி வந்தது. ஜான்ரோஸ் நம்பவில்லை. 1954இல், அந்தக் கற்களை மட்டும் கொண்டு, வால்வே இல்லாமல் முழுக் கணக்கு இயந்திரமே செய்துவிட்டார்கள் என்று வந்தபோது, பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மயிலாடிக்குப் பஸ் ஏறினார். கல் என்றால் வேறு எங்கே போவது?

மயிலாடியில் பொன்னுலிங்கம் சாமி சிலை செதுக்குகிறவர். உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அந்தக் கல்லு என்ன வே செய்யும்?"

"சின்னக் கரண்டு வந்து தொட்டா பெரிய கரண்டுக்கு வழி விடும். தொடல்லன்னா அடச்சிரும். அவ்வளவுதான்."

"மடை மாதிரியா?"

"மடையேதான்."

"எந்த ஊரு கல்லாக்கும்?"

ஜான்ரோஸுக்குத் தெரியவில்லை. "அப்ப நம்ம கல்லுதான்," என்றார் பொன்னுலிங்கம். மயிலாடியைத் தவிர வேறெங்கும் நல்ல கல் உண்டு என்று அந்த ஊர்க்காரர்கள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இயந்திரத்தைச் செய்யச் சொல்லிக் கல்லுக்குப் பணமும் கொடுத்தவர் வைகுண்டராஜன். தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயல் அவருடையது. ஒவ்வொரு பூவிலும், அதாவது ஒவ்வொரு நெல் சாகுபடியிலும், யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று கணக்குப் போட ஆள் கூப்பிடுவார்கள், கூப்பிட்டவர் பக்கமே கணக்கு சாயும், மண்டை உடையும். இயந்திரத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பது அவர் வாதம். தண்ணீர் தன் வயலில் தொடங்குவதால் எந்தக் கணக்கும் அங்கேதான் தொடங்கும் என்பது அவர் மனக்கணக்கு. செல்லத்தாய் கடைமடையில் ஒரு வயலைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்துத் தனியாளாகப் பயிரிட்டு, இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவந்தாள். அந்த வருஷத்து முதல் சாகுபடியான கன்னிப்பூ காய்ந்து போயிற்று. இரண்டாவதான கும்பப்பூவும் காய்ந்தால் வயலை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

இயந்திரம் கருங்கல்லில், ஒரு கட்டில் அகலத்துக்கு வந்தது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கல்முளை. முறை வந்த வயலின் முளை மேலே எழும்ப வேண்டும், அதைப் பார்த்து மடையைத் திறக்க வேண்டும். குளக்கரையில் தூக்கி வைத்து, ஜான்ரோஸ் பேட்டரியை இணைத்தார். ஒரு முளையும் அசையவில்லை. நாட்கள் போயின. கடைமடைப் பயிர் மஞ்சளாயிற்று. செல்லத்தாய் தினமும் வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் அவள்தான் கேட்டாள்: "அண்ணே, இதுக்குக் கண்ணு தெறந்தாச்சா?"

பொன்னுலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். எந்தச் சிலைக்கும் கடைசியில் தங்க உளியால் கண் திறந்தால்தானே உயிர்! முதல் பார்வை படும் இடத்தில் கன்றும் பசுவும் நிற்க வேண்டும். மறுநாள் விடிகாலையில் வைகுண்டராஜன் தன் பசுவையும் கன்றையும் குளிப்பாட்டி, இயந்திரத்துக்கு முன்னால், தன் வயல் வரப்பில் நிறுத்தினார். ஊர் அந்தப் பக்கமே கூடியது. இடம் கிடைக்காத செல்லத்தாய், பிடுங்கிய மஞ்சள் பயிர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

முகமே இல்லாத கல்லில் கண் எங்கே இருக்கும்? பொன்னுலிங்கம் தட்டித் தட்டிச் சுற்றிவந்தார். முன்னால் எங்கு தட்டினாலும் வெறும் கல்சத்தம். பின்பக்கம் ஓரிடத்தில் மணி போல் ஒலித்தது. அங்கே உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கல் கண் திறந்தது. எதிரில் செல்லத்தாயும் அந்தப் பயிரும் இருந்தார்கள். உடனே ஒரு முளை எழும்பியது, கடைமடை முளை.

மடையைத் திறந்ததும் தண்ணீர் வழியில் எந்த வயலையும் நனைக்காமல் கடந்து அவள் வயலுக்குப் போனது. அது நிறைந்ததும் அடுத்த மேல்வயல், பிறகு அதற்கு மேல். செல்லத்தாய் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"வேணும்னே செஞ்சியா, எடே?" என்று வைகுண்டராஜன் பாய்ந்தார்.

"கண்ணு இருந்த இடத்துல தெறந்தேன். நானா அங்க கொண்டு வச்சேன்?"

வைகுண்டராஜன் ஆள் வைத்து இயந்திரத்தைத் தன் வயல் பக்கம் திருப்பி வைத்தார். விடிந்து பார்த்தால் பழையபடியே கடைமடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜான்ரோஸைக் கூப்பிட்டார். "வால்வுன்னா கழத்தி மாத்திரலாம் அண்ணாச்சி," என்றார் ஜான்ரோஸ். "கண்ணு தெறந்த கல்ல நான் என்ன செய்யதுக்கு?" முறையில் கடைசியாகத் தன் வயலுக்குத் தண்ணீர் வரும்வரை வைகுண்டராஜன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஆனால் வந்தது, போதுமான அளவே வந்தது. குளத்தில் தண்ணீர் என்றைக்கும் எல்லோருக்கும் இருந்திருக்கிறது. அறுவடையில் அவருக்கு ஒரு மரக்கால்கூடக் குறையவில்லை. செல்லத்தாயின் களத்திலும் நெல் விழுந்தது. வயல் அவளிடமே நின்றது.

1956 நவம்பரில் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. புதிய அதிகாரி ஒருவர் குளம் பார்க்க வந்து, தலைமடை எது என்று கேட்டார். வைகுண்டராஜன் கையை நீட்டிச் செல்லத்தாயின் வயலைக் காட்டினார்.

"தண்ணீர் குளத்திலிருந்துதானே வருகிறது?" என்றார் அதிகாரி.

"தண்ணி அங்கேருந்து வரும் சார். கணக்கு இங்கேருந்தாக்கும் தொடங்கும்."

அதிகாரி அதற்குப் பதில் சொல்லும் முன் தண்ணீர் வந்துவிட்டது. வரப்பில் அவர் நிற்பதைப் பார்த்துத் தயங்கி நின்றது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்.