மூட்டை விழுந்த கதை

'டமால்!'

வக்கீல் அலுவலகத்தின் வரவேற்பறையில் இருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல் வழுக்கித் தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் செருப்பில் இடித்துக்கொண்டு நின்றது. அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீல் என்று அலறியது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

ஊன்றுகோலுக்குச் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உடம்பை வளைத்து அதை எடுக்கத்தான் அவரால் முடியாது. தலையைக் குனிவதற்கு இடுப்பு தேவையில்லையே.

"விடுங்க மாமா, நான் எடுக்கிறேன்" என்று அவருடைய மாப்பிள்ளை பாய்ந்து போய் எடுத்தான். எடுத்ததோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண், "பெரியவருக்குக் கால்ல என்னங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"வேலை செய்யிற இடத்துல மேலேர்ந்து மூட்டை விழுந்துடுச்சுங்க. சாதாரண மூட்டை இல்ல. ஈர மூட்டை. ரெண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. மாமா தோள் கொடுத்துத் தாங்கியிருக்காரு. இல்லாட்டி பக்கத்துல நின்னவங்க கதி அதோகதிதான்."

போன வாரம் இதையே பக்கத்து வீட்டாரிடம் சொன்னபோது மூட்டை உலர்ந்துதான் இருந்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதற்கு எடை ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் நின்றவர்களை மாமா காப்பாற்றியது இன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தது.

"மாப்பிள்ளை, போதும்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லது செஞ்சவங்க நாலு பேருக்குத் தெரியாமலே போயிடுறாங்க மாமா."

அவருக்குக் காது மடல் சுட்டது.

வேலை செய்த இடத்தில் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. மேல் தளத்தில் அழுக்குத் துணியைப் பிரிப்பார்கள். பிரித்ததைச் சக்கரம் வைத்த கம்பிக் கூண்டு வண்டியில் அடைத்து, ஒரு சிமெண்ட் சரிவு வழியாகக் கீழே மெஷின்களுக்கு இறக்குவார்கள். மேல் தளத்துக்கு அவர்தான் மேஸ்திரி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. அவர் வரும் சத்தம் கேட்டாலே பேச்சு நின்றுவிடும். பெயர் வைத்தவர்கள் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

இப்போது அந்த இஸ்திரிக்கு இடது இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தால் ஆபரேஷன். கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கோல்தான். வழக்கு நிற்குமா நிற்காதா என்று வக்கீல் பார்த்துச் சொல்வதற்காகத்தான் மாப்பிள்ளை தன் செல்போன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

வக்கீலம்மாவுக்கு நரை விழுந்த குட்டை முடி. மேஜையில் தாள்களைவிடப் பென்சில்கள் அதிகம். பேசிக்கொண்டே படம் வரைகிற பழக்கம். மருத்துவமனைத் தாள்களைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார்.

"ஐயா, நான் பார்க்க வேண்டியது மூணே விஷயம். அடிபட்டப்ப நீங்க வேலையில இருந்தீங்களா? அந்த வேலையாலதான் அடிபட்டுச்சா? இனிமே உங்களால எவ்வளவு வேலை செய்ய முடியும்? மூணாவது எனக்குக் கண்ணுக்கே தெரியுது. முதல் ரெண்டைச் சொல்லுங்க."

"மூட்டை விழுந்துச்சும்மா" என்றார் இஸ்திரி.

"எங்கேர்ந்து?"

"மேலேர்ந்து."

"மேல என்ன இருக்கு?"

"மேல..." அவர் யோசித்தார். மேல் தளத்துக்கு மேலே கூரைதான் இருந்தது. "அடுக்கி வெச்சிருந்தோம்."

வக்கீலம்மா ஒரு மனிதனை வரைந்தார். தலைக்கு மேல் ஒரு மூட்டையை வரைந்தார். பென்சிலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு இஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

"தாடையில தையல் எப்படி வந்துச்சு?"

"விழுந்தப்ப தரையில பட்டுச்சு."

"முழங்கை தேய்ஞ்சிருக்கே?"

"அதுவும் விழுந்தப்பதான்."

"ஐயா, மேலேர்ந்து மூட்டை விழுந்தா மண்டையில விழும். தோள்ல விழும். உங்களுக்குத் தலையில கீறல்கூட இல்ல. தாடை, முழங்கை, இடுப்பு. ஓடுற வண்டியிலேர்ந்து தூக்கி எறியப்பட்டவங்களுக்குத்தான் இப்படி அடிபடும். பைக்ல பறந்து விழுந்துட்டு என்கிட்ட வர்ற பசங்க எல்லாருக்கும் இதே தாடைதான்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். "மாமாவா? அட போங்க மேடம்! மாமா சைக்கிளையே தள்ளிக்கிட்டுத்தான் போவாரு."

இஸ்திரி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, கொஞ்சம் வெளியே போய்த் தண்ணி வாங்கிட்டு வாங்களேன்."

"இதோ மேஜையிலயே பாட்டில் இருக்கே மாமா."

"ஜில்லுன்னு வேணும்."

"பல்லு கூசும்னு பிரிட்ஜையே தொட மாட்டீங்களே?"

"அப்ப வண்டியைப் பார்த்துட்டு வாங்க. ரோட்டுல நிக்குது."

"நாம ஆட்டோவுலதானே மாமா வந்தோம்? என்ன மாமா, எங்கிட்ட என்ன மறைவு? நான் என்ன வெளி ஆளா?"

வெளி ஆளாக இருந்தால் பரவாயில்லையே என்று இஸ்திரி நினைத்துக்கொண்டார். வெளி ஆளிடம் மானம் போனால் அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். மாப்பிள்ளையிடம் போனால் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வக்கீலம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. இந்த மூட்டைக் கதையோட போனா என்ன நடக்கும் தெரியுமா? கம்பெனி வக்கீல் உங்க ஆளுங்களை ஒவ்வொருத்தரா கூப்பிடுவார். மூட்டை எந்தப் பக்கம் விழுந்துச்சு, ஈரமா, காய்ஞ்சதா, அப்ப அவர் நின்னாரா, உட்கார்ந்திருந்தாரான்னு கேப்பார். ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. பாவம், உங்க மேல இருக்கிற மரியாதையில பொய் சொல்ல வந்தவங்க கூண்டுல நின்னு அழுவாங்க. கேஸும் போகும், அவங்க வேலையும் போகும். உண்மை எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் அது முதல்ல எனக்குத் தெரியணும். அதை வெச்சுத்தான் இது நிக்குமா, படுக்குமான்னு சொல்ல முடியும்."

விழுந்த அன்று அங்கே இருந்த, துணி பிரிக்கும் இரண்டு பெண்களின் முகம் இஸ்திரியின் கண்முன் வந்தது. அவர் கீழே கிடந்தபடி, வலியில் முனகிக்கொண்டே, "மூட்டை விழுந்துடுச்சு" என்று சொன்னதும், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, "ஆமாமா, மூட்டைதான்" என்று தலையாட்டிய முகங்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களையா கூண்டில் ஏற்றுவது?

"மூட்டை விழலைம்மா" என்றார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"என்ன மாமா?"

"மூட்டை விழல மாப்பிள்ளை. நான்தான் விழுந்தேன். மூட்டை மேலேர்ந்து."

மாப்பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றது.

"எங்க கூடத்துல சரிவு ஒண்ணு இருக்கு. பசங்க அதைச் சறுக்குன்னு சொல்வாங்க. துணி வண்டியை அதுல இறக்கணும்னா ரெண்டு பேர் பின்னாடி பிடிச்சுக்கிட்டே இறங்கணும். வண்டிக்கு பிரேக் கிடையாது. சில பேரு என்ன பண்ணுவாங்கன்னா, மூட்டை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, ஒரு குதிகாலைச் சுவர்ல தேய்ச்சுக்கிட்டே போயிடுவாங்க. குதிகால்தான் பிரேக். அப்படிப் போறவங்களை நான் கண்டா கிழிகிழின்னு கிழிப்பேன். 'இது என்ன சர்க்கஸ் கூடாரமா'ன்னு கேப்பேன்."

"சரி?"

"எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம்..." அவர் ஊன்றுகோலின் கைப்பிடியைத் திருகினார். "கடைசி வண்டியை நான்தான் இறக்குவேன். அப்ப நானும் ஏறுவேன்."

வக்கீலம்மா பென்சிலை மறுபடியும் கையில் எடுத்தார்.

"அன்னைக்கும் ஏறினேன். பாதி தூரம் போனப்ப, துணி பிரிக்கிற ரெண்டு பொண்ணுங்க எதையோ மறந்துட்டோம்னு திரும்பி வந்துட்டாங்க. பார்த்துட்டாங்க. பார்த்ததும் சிரிச்சுட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. மேஸ்திரி இல்லையா? காலை அகட்டிக்கிட்டு வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சட்டுன்னு காலை மடக்கி, கையைக் கட்டிக்கிட்டு, ஏதோ மேற்பார்வை பார்க்கிற மாதிரி நிமிர்ந்து உட்காரப் பார்த்தேன்."

"குதிகாலை எடுத்துட்டீங்க" என்றார் வக்கீலம்மா.

"எடுத்துட்டேன்."

வக்கீலம்மா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது. திரும்பியபோது முகம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் அப்படிச் சிரமப்பட்டு ஒழுங்கு பண்ணிக்கொண்டதுதான் இஸ்திரிக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான். "பொண்ணு குடுக்கணும்னா பைக்கை வித்துட்டு வான்னு சொன்னீங்களே மாமா. பொறுப்பு இருக்கிறவன் அப்படி வேகமா போக மாட்டான்னு."

"சொன்னேன்."

"வித்துட்டேனே மாமா. வாங்கினவன் இன்னைக்கும் என் கடை வாசல்லயே அதை உறுமிக்கிட்டுப் போறான்."

அவன் திட்டியிருந்தால் இஸ்திரி தாங்கிக்கொண்டிருப்பார். அவன் குரலில் கோபமே இல்லை. புதிதாக ஒரு ஆளைச் சந்தித்தவன் மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எதைப் போட்டு மூடிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சுருக்கம் இல்லாத சட்டை எதற்கும் உதவவில்லை.

வக்கீலம்மா புதுத் தாளை எடுத்தார். இந்தத் தடவை சரிவை வரைந்தார், வண்டியை வரைந்தார், மேலே ஒரு ஆளை வரைந்தார். குரலில் ஒரு வேகம் வந்திருந்தது.

"வண்டியில துணி இருந்துச்சா?"

"நிறைய."

"மெஷினுக்குப் போற துணிதானே? உங்க சொந்த வேலை இல்லையே?"

"கம்பெனித் துணிதான்."

"ரெண்டு பேர் பிடிக்கணும்னு சொன்னீங்க. இன்னொரு ஆள் எங்க?"

"அந்த ஆளைக் கீழ மாத்திட்டாங்க. ஆள் குறைப்புன்னு சொன்னாங்க."

"பிரேக் இல்லன்னு மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியும். நானே சொல்லியிருக்கேன். பசங்க ஏறிப் போறதும் தெரியும். பார்த்தா, 'சீக்கிரம் வாங்கடா'ன்னுதான் சொல்வாரு."

வக்கீலம்மா நாற்காலியில் நிமிர்ந்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா ஐயா? பிரேக் இல்லாத வண்டி. பிடிக்க ஆள் இல்ல. துணி கீழ போயே ஆகணும். அப்ப நீங்க ஏறினது விளையாட்டு இல்ல, வேலையை முடிக்கிறதுக்கு அங்க இருந்த ஒரே வழி. மேனேஜரும் பார்த்துட்டு சும்மா இருந்திருக்கார். இது நிக்கும். நல்லாவே நிக்கும்."

மாப்பிள்ளை மேஜையைத் தட்டினான். "பார்த்தீங்களா மாமா! நீங்க செஞ்சது தியாகம் மாமா!"

மூட்டை மறுபடியும் எடை ஏறத் தொடங்குவது இஸ்திரிக்குத் தெரிந்தது. இந்த முறை வேறு மூட்டை. கோர்ட்டில், எல்லார் முன்னாலும், ஆள் இல்லாத கூடத்தில் கடமைக்காக உயிரைப் பணயம் வைத்த மேஸ்திரி. மனைவி தெருவெல்லாம் சொல்வாள். அந்த இரண்டு பெண்களும் தலையாட்டுவார்கள். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு நடக்கலாம்.

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி" என்றார் வக்கீலம்மா. "அவங்க வக்கீல் கட்டாயம் இதைக் கேட்பார். நானும் கேட்டு எழுதிக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வண்டியைக் கீழ கொண்டுபோக வேற வழியே இல்லாமத்தானே ஏறினீங்க?"

வக்கீலம்மா பென்சிலைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர்க் கண்ணாடியில் மாப்பிள்ளையின் பிம்பம் 'ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரி 'ஆமா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண்ணை மூடியதும் சறுக்கின் சுவர் பின்னால் ஓடியது. முகத்தில் காற்று அடித்தது. முகம் மறுபடி சூடாகி, அந்தச் சூடு கழுத்துவரை இறங்கியது. மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பக்கத்துலயே துணி இறக்குற லிஃப்ட் நல்லாத்தாம்மா ஓடிக்கிட்டிருந்துச்சு... இத்தனை வருஷத்துல அந்த எடத்துல எனக்குப் பிடிச்சிருந்ததே அந்தச் சறுக்கு ஒண்ணுதான்."