கை சூடாகட்டும்

"நோயாளிகிட்ட பாடம் படிச்சு உருப்பட்ட டாக்டர் இந்த உலகத்துலயே கிடையாது," என்று பல்லில் கடித்திருந்த பந்தல் கயிற்றை விட்டுவிட்டு ரூபன் அறிவித்தான். கியா பார்ம் மலைச்சந்தையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்ட்ராபெர்ரி விற்பவன். எல்லா நாட்டுக்காரர்களோடும் விலை பேசியிருப்பதால் உலகத்தைப் பற்றிச் சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று நம்பினான்.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுத் தர்மா அதை இழுத்துக் கம்பத்தில் சுற்றினான். உள்ளே கூடத்தில் ரூபனின் அப்பா அர்ஜுனன், விடிவதற்குமுன் இறந்தவர், கிடத்தப்பட்டிருந்தார்.

தேயிலை ஆலைத் தூசியை இழுத்து இழுத்துக் கெட்டுப்போன நுரையீரல் அவருடையது. மூச்சு விடும்போது அது போடும் சத்தத்தைக் கேட்கத்தான் மருத்துவ மாணவர்கள் கீழே ஈப்போ நகரத்திலிருந்து மாதாமாதம் வேனில் இந்தத் தோட்ட லயத்துக்கு ஏறி வந்தார்கள். அர்ஜுனன் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் துரை மாதிரி உட்காருவார். "கையத் தேச்சுக்கோ. பேரச் சொல்லு. தொடலாமான்னு கேளு. நான் சரின்னு சொன்னப்புறம் தொடு." மறந்த பிள்ளை வாசலுக்குப் போய் மறுபடி உள்ளே வரவேண்டும். அவர்களுடைய பேராசிரியரே ஒருமுறை அப்படிப் போய்வந்திருக்கிறார்.

ரூபனுக்கு அது பெரிய கூத்து. சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று உள்ளங்கைகளைத் தேய்ப்பான். "வணக்கம் சோறு. என் பேரு ரூபன். தொடலாமா?" அம்மா குமுதா கரண்டியால் ஒன்று வைப்பாள். அப்பா சிரிக்கமாட்டார். "கை இன்னும் சூடாகலடா," என்பார்.

இன்று காலையிலிருந்து அவன் கூடத்துக்குள் போகவே இல்லை.

"தம்பி, குளிப்பாட்டணும். நீதான் எண்ணெ வைக்கணும்." வாசலுக்கு வந்த குமுதாவின் குரலில் தெம்பில்லை.

"நாக்காலிய எறக்கிட்டு வரேம்மா."

"எறக்கியாச்சு."

"லோரிக்காரனுக்கு டீ..."

"அவன் போய்ட்டான் லா."

ரூபன் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் தொட்ட நெஞ்சை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மாணவர்களின் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் பூவிழி. "சாரி அண்ணே, கியா பார்ம்கிட்ட ஒரே ஜாம். செத்த வீட்டுக்குப் போறோம்னாலும் யாரும் வழி விடல. ஸ்ட்ராபெர்ரி வாங்குறாங்க."

உள்ளே போனவள் அர்ஜுனனின் கால்மாட்டில் நின்றாள். குமுதாவைப் பார்த்தாள்.

"அம்மா, ஐயா காலத் தொடலாமா?"

குமுதா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். "காலையிலேர்ந்து ஆளாளுக்குத் தூக்குறாங்க, திருப்புறாங்க. கேட்டது நீ ஒருத்திதாம்மா. தொடு."

"பாடம் நல்லா ஏறியிருக்கு," என்றான் ரூபன், வாசற்படியில் நின்றபடி. யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

வீட்டுக்குப் பின்னால், மூடுபனிக்குள், அர்ஜுனனைப் பெஞ்சில் கிடத்தினார்கள். தர்மா வெந்நீரை விளாவினான். எண்ணெய்க் கிண்ணம் ரூபனின் கைக்கு வந்தது. அதை அவன் கீழே வைத்தான்.

"என்னடா?" என்றான் தர்மா.

ரூபன் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று உள்ளங்கைகளைத் தேய்த்தான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். போதவில்லை. மறுபடி தேய்த்தான்.

பிறகு குனிந்து அப்பாவின் காதோரம் ஏதோ சொன்னான். ஒரு பதில் வரும் அளவுக்கு நேரம் விட்டு, அவர் நெஞ்சில் கையை வைத்தான்.