பெல்பரியின் பன்றிக் காவலர்

வெண்மலைகளின் முடிகளில் பனி இன்னும் இறுகிக் கிடக்க, கனெட்டிகட்டு ஆற்றின் உறைந்த முதுகு நடுவே பிளந்து கருநீர் காட்ட, மேப்பிள் மரங்களில் தொங்கிய மரவாளிகளுள் இன்சாறு சொட்டுச் சொட்டாய் வீழ்ந்து காட்டுக்கே ஒரு தாளம் கொடுக்க, மார்ச்சுத் திங்களின் இரண்டாம் செவ்வாய், எங்கள் பெல்பரி ஊரின்மீது இளங்காலையாய் மலர்ந்தது. சேற்றிலும் பனியிலும் சறுக்குவண்டிகள் தள்ளாடி வர, கம்பளி மேலங்கியும் புகையிலை மணமுமாய் ஆடவர் எல்லாரும் ஊர்மன்றத்துள் திரண்டனர். ஆண்டிற்கு ஒருமுறை கூடி, சாலைக்கும் பள்ளிக்கும் வேலிக்கும் பட்டிக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் அது. பெண்டிர்க்கு அங்கே கைதூக்கும் உரிமை இல்லை. மேல்மாடத்தில் அமர்ந்து பார்க்கும் உரிமை இருந்தது. நாங்கள் அதனை வீணாக்கியதில்லை.

அவ்வாண்டு எல்லார் விழியும் ஒருவர்மேலே மொய்த்தன. கல் பொறுக்கியே கை தேய்ந்த உழவன் ஒருவனுக்கு ஆறாம் மகனாய்ப் பிறந்து, ஏரோட்டிய இடைவேளைகளில் இரவல் நூல்களைக் கற்று, இருபத்தொன்பதாம் அகவையில் வழக்கறிஞராகி, மும்முறை மாநிலச் சட்டமன்றம் சென்று, வரும் செப்டம்பரில் வாசிங்டன் பேரவைக்கே வேட்பாளராக நிற்பார் என்று மாவட்டம் முழுதும் பேசப்பட்ட அமாசா தர்லோ அவர். நாற்பத்திரண்டு அகவை வரை தனியராய் இருந்த அவர், பள்ளியாசிரியை மெகித்தபேலைச் சனவரியில்தான் மணந்திருந்தார்.

எங்கள் ஊரில் பழையதொரு வழக்கம் உண்டு. அவ்வாண்டு மணமுடித்த ஆடவரைப் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுப்பர். கட்டவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடித்துப் பட்டியில் அடைத்து, நிலத்தைக் கிளறாவண்ணம் மூக்கில் வளையம் மாட்டுவதே அப்பதவியின் கடமை. ஆயினும் கடமையை எவரும் நினைத்ததில்லை; நகைப்பையே நினைத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவன் நாணிச் சிவந்து, ஒரு மிடா ஆப்பிள் மது வாங்கித் தந்து தப்பித்துக்கொள்வான்.

கொல்லன் ஈரா எழுந்தான். "ஐயா, அவைத்தலைவரே! பன்னிக் காவலுக்கு நம்ம வக்கீலய்யா பேரச் சொல்றேன். வாசிங்டன் போறதுக்கு முன்னாடி இங்கயே கொஞ்சம் பழகிக்கட்டும்!"

மன்றம் சிரிப்பால் அதிர்ந்தது. அமாசாவின் அருகிருந்த கட்சி நண்பர் அவர் காதில், "வேணாம்னு சொல்லிருங்க. நாளைக்குச் செய்தித்தாள்ல பன்னி வேட்பாளர்னு போடுவான்" என்றார். அமாசாவோ எழுந்து, மெல்ல முன்சென்று, மறைநூல்மேல் கைவைத்து, சட்டமன்றத்தில் உரைத்த அதே குரலில் உறுதிமொழியை ஒரு சொல்லும் விடாது உரைத்தார். சிரிப்பு ஒருவாறு அடங்கிற்று. மேல்மாடத்தில் மெகித்தபேல் மட்டும் முறுவலித்தாள்.

சூலைத் திங்களில், சோளப் பயிர் இடுப்பளவு நின்ற ஒரு காலையில், கைம்பெண் கெசியா அமாசாவின் வாயிலில் வந்து நின்றாள். காலணியில் சேறு, கண்ணில் உறக்கமின்மை.

"வழக்குப் போட வரல, ஐயா. வக்கீலுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பன்னிக் காவலரப் பாக்க வந்தேன்" என்று தயங்கினாள். "சிரிச்சிராதீங்க."

"சிரிக்கல, அம்மா. யாரு பன்னி?"

"ஒபதியா கிரிம்சு ஐயாவோடது. பதினாலு. பாதிச் சோளம் போச்சு. மீதியும் போனா, பனிக்காலத்துக்கு எம் புள்ளைங்களுக்கு ரொட்டி இல்ல."

ஒபதியா கிரிம்சு யாரெனின், மலைச்சரிவு பாதியும் உடையவர்; மாவட்டக் கட்சியைத் தம் சட்டைப்பையில் வைத்திருந்தவர்; வேட்பாளரைத் தேரும் செப்டம்பர்க் கட்சி மாநாட்டில் அமாசாவின் பெயரை முன்மொழிவதாக வாக்களித்தவரும் அவரே. அவர் பன்றிகளுக்கு வளையம் இல்லை என்பதை ஊரறியும்; ஊர் வாய் திறந்ததில்லை.

அமாசா உள்ளே சென்று தொப்பியை எடுத்தார். மெகித்தபேல் கேட்டாள்: "கறுப்புக் கோட்டோடயா போறீங்க? பன்னி ஓட்டுறதுக்கா?"

"பதவியில போறேன், மெகித்தபேல்."

"பதவியெல்லாம் சரி. பன்னி பேச்சுக்கு வராது, சோளத்துக்குத்தான் வரும். நில்லுங்க, நானும் வரேன்" என்று அவள் வாளியைக் கையிலெடுத்தாள்.

கண்ணுற்றோர் மறவாத காட்சி அது. முன்னே சோள வாளியைக் குலுக்கியவாறு ஆசிரியை. நடுவே, கொழுத்த செருக்கே உருக்கொண்டாற்போல் பதினான்கு பன்றிகள். பின்னே, நீண்ட கறுப்பங்கியும் உயர்ந்த தொப்பியுமாய், கையில் பன்றிகளை மறித்தோட்டும் பலகை ஒன்றைப் பிடித்து, மன்னனின் படைத்தலைவன்போல் நிமிர்ந்து வரும் வழக்கறிஞர்.

கடைவாயிலில் நின்றோர் கூவினர். "வக்கீலய்யா! இவங்கெல்லாம் உங்க கட்சிக்காரங்களா?"

"இல்லப்பா, எதிர்த்தரப்பு. ஆனா உன்னவிட ஒழுங்கா நடக்குறாங்க."

கற்பட்டியின் கதவு சாத்தப்பட்ட நேரத்தில், குதிரையில் நுரை தள்ள ஒபதியா வந்திறங்கினார்.

"என்ன அமாசா, வேடிக்க போதும். தொற."

"தொறக்குறேன், ஐயா. கெசியாவோட சோளத்துக்கு ஈடு குடுங்க. மூக்குக்கு வளையம் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. சட்டம் அவ்வளவுதான்."

"நான் பன்னிக்கு மூக்கு குத்துறதா?"

"நீங்க குத்தலன்னா நான் குத்தணும்னு எழுதியிருக்கு."

"மாநாட்டுல உம் பேரச் சொல்லப் போறது யாருன்னு மறந்துட்டியா?"

"மறக்கல. நீங்கதான்."

அமாசா அங்கியைக் கழற்றிக் கல்மதில்மேல் மடித்து வைத்தார். மெகித்தபேல் கயிறு பிடிக்க, கொல்லன் ஈரா வாய்பேசாது வளையங்கள் கொண்டுவந்து கொடுக்க, அலறலும் சேறும் வியர்வையுமாய்ப் பதினான்கு மூக்குகளுக்கும் வளையம் ஏறிற்று. உச்சிப்பொழுது கடந்தபின் ஒபதியா ஈட்டைக் கொடுத்துப் பன்றிகளை ஓட்டிச் சென்றார், திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் மாநாடு கூடிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பேராளர் நிறைந்த அரங்கில், அமாசாவை ஓரமாய் அழைத்தார் ஒபதியா. கிழவர் குரலில் சினம் இல்லை, வணிகம் இருந்தது.

"இங்க பாரு, ஒன்ன விட்டா ஆளு இல்ல எனக்கு. மேடையேறி, பட்டியில அடச்சது வெளையாட்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிச்சிருவேன். உம் பேரச் சொல்லிருவேன். முடிஞ்சுது."

ஒரு வார்த்தை. அதற்கு அப்பால் வாசிங்டன், இருபதாண்டுக் கனவு. ஆயினும் அவ்வொரு வார்த்தையை உரைத்தால், மறு வேனிலில் கெசியாவின் சோளம் எவர் பன்றிக்கு இரையாகும் என்பதையும், அன்று அவள் வந்து முறையிட எந்த வாயிலும் இராது என்பதையும் அவர் அறிந்திருந்தார். தாய்வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே கிளைவழியில் திரும்பும் வழிப்போக்கனைப்போல், ஒரு நொடி நின்றார். பின்னர் மேடையேறினார்.

"எங்க ஊரு என்னச் சிரிச்சுக்கிட்டுத்தான் தேர்ந்தெடுத்துச்சு. ஆனா நான் சிரிச்சுக்கிட்டு உறுதிமொழி எடுக்கல. கிரிம்சு ஐயா பன்னியப் பிடிச்சது வெளையாட்டு இல்ல. நாளைக்கே தப்பிச்சு வந்தாலும் பிடிப்பேன்."

எவரும் சிரிக்கவில்லை. வேறொருவர் பெயர் முன்மொழியப்பட்டது. அவரே வென்று வாசிங்டன் சென்றார்.

வீடு திரும்பிய அமாசா, தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு அமர்ந்தார்.

"கெடைக்கலயா?" என்றாள் மெகித்தபேல்.

"கெடைக்கல."

"வெளையாட்டுன்னு சொல்லச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நான் சொல்லல."

அவள் அவித்த அவரையையும் கருங்கோதுமை ரொட்டியையும் அவர்முன் வைத்தாள். "நல்லவேள. சொல்லிட்டு வந்திருந்தா இது கெடச்சிருக்காது" என்றாள். அவர் உரக்கச் சிரித்தார், தெருவரை கேட்டது.

அதற்குப்பின் பத்தொன்பது ஆண்டுகள் பெல்பரி அவரையே மாநிலச் சட்டமன்றத்திற்கு அனுப்பிற்று. பெரும்பாலும் எதிர்த்து நிற்க ஆளில்லை. ஒரு பனிக்காலத்தில் ஒபதியா கிரிம்சு இறப்புப் படுக்கையில் வீழ்ந்தார். மலைச்சரிவைக் கூறுபோட மைந்தர் மூவரும் மூன்று திசையாய் இழுத்து, பெருநகர வழக்கறிஞர் ஒருவரையும் வரவழைத்திருந்தனர். கிழவர் அவரைக் கையசைத்து விலக்கினார்.

"அமாசாவக் கூப்பிடுங்கடா. உயில அவன் எழுதட்டும். பங்கையும் அவனே பிரிக்கட்டும்."

"அப்பா! ஊரே சிரிக்கும்படி உங்கள நடுத்தெருவுல நிறுத்துனவன் அவன்!"

"அதனாலதான்டா சொல்றேன். எம் பன்னிக்கு எளகாதவன், உங்களுக்கும் எளக மாட்டான்."

அமாசா வந்தார், தோள்பனியைத் தட்டிவிட்டுக் கட்டிலருகே அமர்ந்தார், கிழவர் சொல்லச் சொல்ல எழுதினார். பழையதை இருவரும் பேசவில்லை. எழுதி முடித்து அவர் வெளிவந்தபோது, அம்மூவரும் தொப்பியைக் கழற்றி வழிவிட்டு நின்றனர்.

வாசிங்டன் மாநகரின் படிகளை ஒருநாளும் மிதியாதனவே அவர் கால்கள். ஆயினும் ஆற்றின் இக்கரையில் அக்கால்களின் ஓசை கேட்டுத் திறவாத கதவு ஒன்றேனும் இருந்ததில்லை. பேரவைக்குச் சென்று மீண்டோர் பெயரெல்லாம் எங்கள் நாவினின்றும் நழுவிப்போயின. அமாசா தர்லோவின் பெயரை, வேலித் தகராறு வரும்போதெல்லாம், இருதரப்பாரும் ஒரே குரலில் சொல்லுகின்றனர். அதனினும் பெரிய ஆட்சியை எந்த ஊர் எவர்க்கு அளித்தது, கற்றறிந்தீர், நீவிரே சொல்லுங்கள்.