இன்னொரு கட்டில்

ஒச்சாயி வீட்டில் மனிதர்கள் மூன்று பேர், கட்டில்கள் ஐந்து. பீரோ மூன்று இருந்தது, உள்ளே வைக்கத்தான் அவ்வளவு துணி இல்லை. குக்கர், மிக்ஸி, அண்டா, சைக்கிள், சுவர்க் கடிகாரம் என்று மூலைக்கு மூலை சாமான்கள். அவனியாபுரத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஏதோ பாத்திரக்கடையின் குடோன் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே வந்து அண்டாவுக்கு விலை கேட்டவர்களும் உண்டு.

அத்தனையும் அவள் மகன் சிவக்குமார் ஜல்லிக்கட்டில் ஜெயித்தவை. தை பிறந்துவிட்டால் அவன் கால் வீட்டில் தங்காது. ஒரு மாட்டைப் பிடித்தால் கட்டில், இன்னொன்றைப் பிடித்தால் பீரோ. ஷேர் ஆட்டோவின் மேலே கட்டி, கூட்டாளிகள் விசிலடிக்க, ஏதோ சாமி புறப்பாடு மாதிரி தெருவுக்குள் கொண்டுவருவான். "எனக்குப் பொண்ணு பாக்கும்போது சீர் வேணாம்னு சொல்லிரும்மா. கொண்டாந்தா வைக்க எடமில்ல" என்பான். பொண்ணுதான் பார்க்கவே இல்லை.

இந்தத் தையில் பக்கத்து ஊர் வாடிவாசலுக்குப் போனான். அவன் அப்பா காசிமாயனும் கூடப் போய் கேலரியில் உட்கார்ந்துகொண்டார். ஒச்சாயி வீட்டில் வடை சுட்டுக்கொண்டே டிவியில் நேரலை பார்த்தாள். அந்த டிவியும் அவன் ஜெயித்ததுதான். வாசலிலிருந்து பாய்ந்து வந்த காளையின் திமிலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினான் மகன். அது துள்ளிய துள்ளலுக்கெல்லாம் கொடுத்து, பிடியை விடாமல் எல்லைக்கோட்டைத் தாண்டினான். "மாடு பிடிபட்டது! பிடிச்ச தம்பிக்கு ஒரு கட்டில்!" என்று மைக்கில் கத்தினார்கள்.

"இன்னொரு கட்டிலா? அத என் தலை மேலயா போடுறது?" என்று சத்தமாகச் சிரித்துக்கொண்டே அடுப்பை அணைக்கத் திரும்பினாள் ஒச்சாயி. மறுபடி டிவியைப் பார்த்தபோது கூட்டம் மட்டும்தான் தெரிந்தது. நடந்தது என்ன என்று பிறகு யாரோ செல்போனில் காட்டினார்கள். கோட்டைத் தாண்டியதும் அவன் திமிலை விட்டுவிட்டு, கேலரியைப் பார்த்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். அது ஓடிப்போகிற மாடு இல்லை, நின்று விளையாடுகிற மாடு. திரும்பி வந்தது.

மகனின் காரியம் முடிந்த மறுநாள் விழாக் கமிட்டிக்காரர்கள் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நேர்மையான மனிதர்கள்தான், பாவம், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து உள்ளே வந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத அந்தக் கட்டிலைச் சுவரில் சாத்தி வைத்தார்கள். அது அங்கேயே நின்றது. காசிமாயன் அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து ஒச்சாயிக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்திருந்த கால் மரத்துப்போகுமே, அப்படிக் கிடந்தது உடம்பு முழுதும். பசித்தால் சாப்பிட்டாள். விடிந்தால் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வந்து கட்டி விற்றாள். ஒரு நாள் கொதிக்கிற எண்ணெய் புறங்கையில் தெறித்து, மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று காத்திருந்தார்கள். காத்திருந்ததில் இரண்டாவது காபியும் குடித்தார்கள். பிறகு தெருமுனைக்குப் போய், "பெத்தவளா அவ? கல்லு" என்றார்கள். ஒச்சாயிக்கும் அது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில் தெருமுக்கில் இருந்த குப்பைமேட்டை ஒருவழியாக அள்ளினார்கள். விட்டால் நம் ஜனம் மறுநாளே திரும்பக் கொட்டிவிடும் என்று, அந்த இடத்தில் ஒரு காளைச் சிலை வைக்கத் தெருப் பையன்கள் முடிவுசெய்தார்கள். கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம், வீட்டுக்கு வீடு வேண்டாமென்று கிடக்கும் சாமானை வாங்கிச் செய்வோம் என்றாள் ஓவியக் கல்லூரியில் படித்த சத்யப்ரியா. பக்கத்துத் தெருப் பெண். வெல்டிங் வேலைக்குப் பேயாண்டி. அவன் சிவக்குமாரின் உயிர்க் கூட்டாளி, வாய்க்கு வாய் மாப்ள மாப்ள என்று திரிந்தவன். சைக்கிள் செயின், உடைந்த சைலன்சர், துருப்பிடித்த கரண்டி என்று எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. ஒரு வீட்டில் மருமகள் மாமியாரின் இரும்பு ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டாள். மாமியார் நொண்டிக்கொண்டே பின்னால் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்.

ஒச்சாயி வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். மூன்றாம் நாள் அவளே வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"பேயாண்டி, இங்க வா. இதெல்லாம் எடுத்துட்டுப் போ."

அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றான். "எத அத்தை?"

"எல்லாத்தையும்தான். மாமாவுக்குப் படுக்க ஒரு கட்டில விட்ரு."

"அத்தை, இதெல்லாம் மாப்ள செயிச்சது."

"தெரியும். பொழங்குறதுக்கு ரெண்டு பேருக்கு இம்புட்டு எதுக்கு? நடக்க எடமில்ல."

காசிமாயன் எழுந்து வந்து கத்தினார். "எம்மவன் சம்பாத்தியம்டி அது! பழைய இரும்புக்குப் போடுறியா நீ? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?" இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. பேயாண்டி அழுதுகொண்டே குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றினான். கடைசியாகச் சுவரில் சாய்ந்திருந்த கட்டிலின் பிளாஸ்டிக் உறையை அவளே கிழித்துக் கொடுத்தாள். வீடு காலியாகி, பேசினால் எதிரொலித்தது. நெஞ்சை ஏதாவது செய்யும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் தெருமுக்கில் விஷயம் வேறு திசையில் போனது. இவ்வளவு சாமானும் வந்து சேர்ந்த பிறகு மாடு மட்டும் எப்படிச் செய்வது, பக்கத்தில் சிவக்குமாரும் நிற்கட்டும் என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள். காசிமாயனுக்கு உயிர் வந்தது. முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தினமும் அங்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு ஆள் விட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மனுஷன் சிரிக்கிறாரே என்று ஒச்சாயி சும்மா இருந்தாள்.

ஒரு சாயங்காலம் எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு போனாள். காளை ஆளுயரத்துக்கு நின்றது. பீரோத் தகடுகள் உடம்பு, சைலன்சர் குழாய்கள் கொம்பு, பாதியாக வெட்டிய பைக் டேங்க் திமில். அதன் பக்கத்தில் சாலையைப் பார்த்தபடி அவன் நின்றான். மார்புக்கு அண்டா, தலைக்குக் குக்கர். அந்தப் புதுக் கட்டிலின் குழாய்தான் கைகள். இரண்டு கையும் வானத்தைப் பார்த்துத் தூக்கியிருந்தன.

ஒச்சாயி டீத் தூக்கைக் கீழே வைத்தாள். இந்த நிலையை அவள் பார்த்திருக்கிறாள், செல்போனில்.

"கைய எறக்கு, பேயாண்டி" என்றாள். "திமில்ல வையி."

சத்யப்ரியா ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள். மரியாதை தெரிந்த பெண். "அம்மா, இதுதான் நல்லாயிருக்கும்னு நான்தான் சொன்னேன். அவர் செயிச்ச நிமிஷம்மா இது."

"அந்த நிமிஷந்தான் எனக்கு வேணாம்."

காசிமாயன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அவன் செயிச்சவன்டி! இன்னும் தொங்கிக்கிட்டே இருந்தா எவனுக்குத் தெரியும் புடிச்சானா விட்டானான்னு? கை மேலதான் இருக்கணும். யாரும் தொடக் கூடாது."

"விட்டதாலதான போனான்."

"விட்டா என்ன தப்பு? கோட்டத் தாண்டிட்டான், விட வேண்டியதுதான!"

"விட்டிருக்க வேணாம்."

"நான்தான்டி விடச் சொன்னேன்!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, அந்தக் குக்கர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேலரில இருந்து நான்தான் கத்துனேன். செயிச்சாச்சுடா, விடுறா, கையத் தூக்குறா, ஊரு பாக்கட்டும்னு கத்துனேன். அம்புட்டுச் சத்தத்துலயும் என் குரல் அவனுக்குக் கேட்டுச்சு. திரும்பி என்னைப் பாத்துத்தான் தூக்குனான்."

எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் இது அவளுக்குத் தெரியாது. கோபம் வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. அவர் மேல் இரக்கமும் வரவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று அவளிடமும் இருந்தது, அதை மட்டும் சொன்னாள்.

"இன்னொரு கட்டில என் தலை மேலயா போடுறதுன்னு நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

பிறகு டீயை ஊற்றி ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தாள். காசிமாயன் வாங்கவில்லை. காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்ட வேண்டிய பூவைக் கட்டி முடித்துப் படுத்தாள். அவர் எப்போது வந்தார் என்று தெரியாது.

காலையில் அவள் எழுந்தபோது கட்டிலில் அவர் இல்லை. மாட்டுத்தாவணி போய்ப் பூக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து தெருமுக்கில் இறங்கினாள். பேயாண்டி கைகளைத் தோளோடு அறுத்து எடுத்திருந்தான். சிவக்குமாரைக் காளையின் விலாவோடு ஒட்டி நிறுத்தி, ஒரு கையைத் திமிலின் மேல் ஏற்கெனவே பற்றவைத்தாகிவிட்டது. இன்னொரு கையை ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஈரச்சாக்கைச் சுற்றித் திமிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் காசிமாயன். வெள்ளைச் சட்டையெல்லாம் துரு. சத்யப்ரியா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பேயாண்டி நெருப்பை வைத்தான். பொறி பறந்தது. ஒச்சாயியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் நின்றதும் அவன் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"நல்லாப் பத்திருச்சு மாமா. விடுங்க."

அவர் விடவில்லை.

"மாமா, லாரி வந்து இடிச்சாலும் இனி கழலாது. விட்ருங்க, சூடு ஏறும்."

அவர் பிடித்தபடியே நின்றார். சாக்கு புகைய ஆரம்பித்தது. பேயாண்டி என்ன செய்வதென்று தெரியாமல் ஒச்சாயியைப் பார்த்தான். அவள் பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சிமெண்டுக் கல்லின் மேல் ஏறி, அவர் கையைப் பிரித்துவிடத்தான் கையை நீட்டினாள். எட்டியது மகனின் மணிக்கட்டுத்தான். பிடித்தாள்.

"ஆத்தீ, சுடுதுங்க!" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. உள்ளங்கை எரிந்தது, நிஜமாகவே எரிந்தது, அதோடு கண்ணும் நெஞ்சும் எரிந்தன.

"விட்றாத" என்றார் காசிமாயன்.